சூப் சிந்தாத இரண்டடி

ஜனவரி 12, திங்கள்

ரிசீவர்களின் பயிற்சியாளர் போய்விட்டார். காலையில் மேஜையைக் காலி செய்தார், மதியச் சாப்பாட்டுக்கு ஆள் இல்லை. தெற்கே ஏதோ கல்லூரி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராம். என் கையைக் குலுக்கி, "நல்லா வருவ" என்றார். மூன்று வருஷம் அவருக்கு வீடியோ வெட்டிக் கொடுத்தவனுக்கு இரண்டு வார்த்தை. போகட்டும்.

இடம் காலி. எனக்கு வேண்டும்.

இங்கே எழுதிவிட்டால் பிறகு மழுப்ப முடியாது, அதற்காகவே எழுதுகிறேன். ஆர்லோ ஹாக்கலா, மெக்கானிக்கல் எஞ்சினியர், இருபத்தேழு வயது, டுலூத் பைலட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் அறையில் கதவை ஒட்டிய கடைசி நாற்காலி. யாராவது உள்ளே வந்தால் என் முழங்கை இடிபடும். வீடியோ வெட்டுவேன், ஆட்டத் திட்டங்களைச் சீட்டில் வரைவேன், பிரிண்டருக்குத் தாள் வைப்பேன். ஆனால் நம் ரிசீவர்களின் கால்களை என்னைவிட அதிக நேரம் பார்த்தவன் இந்த ஊரில் கிடையாது. அவர்களைப் பெற்றவர்களும் சேர்த்தி.

நாடு முழுக்கப் பந்தை எறிகிறவனையே பார்க்கிறது. எறிந்த பந்தை வாங்க ஒரு ரிசீவர் அந்த இடத்தில் இருக்க வேண்டாமா? அவன் அங்கே போய்ச் சேர்வானா என்பது முதல் இரண்டடியில் முடிவாகிவிடுகிறது. மூக்குக்கு நேரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற எதிராளியைத் தாண்ட வேண்டும். தாண்டினால்தான் ஓட்டம், பந்து, கைதட்டல் எல்லாம். இந்த இரண்டடியைக் கற்றுத் தருகிறவரின் நாற்காலிதான் இன்று காலி.

ஜனவரி 14, புதன்

ப்ராட்டரிடம் கேட்டுவிட்டேன். தலைமைப் பயிற்சியாளர் அறைக்குள் என்னை மாதிரி ஆட்கள் கூப்பிடாமல் போவதில்லை. போனேன். அவர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு ஒலியை அணைத்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோச், ரிசீவர் வேலை எனக்கு வேணும்."

திரையை நிறுத்தினார். "டன்மோருக்கு என்ன வயசு?"

"இருபத்திமூணு."

"ரிசீவர்கள்லயே பெரியவருக்கு?"

"முப்பத்திரெண்டு."

"அவரு உன் பேச்சக் கேப்பாரா?"

"இப்பவே கேக்கறாரு கோச். நான் சொன்னதுன்னு தெரியாமக் கேக்கறாரு."

அவர் தொண்டையில் விதை மாட்டிக்கொண்டது போலிருந்தது. சிரித்தாரா இருமினாரா, தெரியவில்லை. கடைசியில் சொன்னார்: "மூணு பேரக் கூப்பிட்டிருக்கேன். நாலாவதா நீயும் வந்து பேசு. ஆனா அந்த மூணு பேருக்கும் நீதான் உடம்பு."

உடம்பு. எங்கள் கட்டடத்தில் மட்டும் இப்படிச் சொல்வோம். ஜனவரியில் ஆட்டக்காரர்களுக்கு எந்தப் பயிற்சியாளரும் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கற்றுத் தரக் கூடாது. ஆட்டக்காரர் சங்கத்தோடு லீக் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. ஏப்ரல் வரை அவர்கள் ஓய்வில் இருக்க வேண்டும், நாங்கள் தொடக் கூடாது. அப்படியானால் வேலை கேட்டு வருகிறவருக்குக் கற்றுத் தரத் தெரியுமா என்று எப்படிப் பார்ப்பது? அலுவலகத்திலிருந்து ஒருவன் காலணி மாட்டிக்கொண்டு உள்ளரங்கில் போய் நிற்பான். வந்தவர் அவனுக்குக் கற்றுத் தருவார். மற்றவர்கள் சுவரோரம் நின்று பார்ப்பார்கள். அவன்தான் உடம்பு.

கஸ் டொமால்ஸ்கிக்குச் செய்தி எப்படிப் போனதோ. முன்வரிசை ஆட்களின் பயிற்சியாளர் அவர். கதவளவு அகலம், குரல் அதைவிடப் பெரிது. "டேய் எஞ்சினியர்! போட்டிக்கு வந்தவனையே எலியாக்கி வச்சுட்டாரா? உன் மேலயே சோதனை பண்ணி உன் வேலையையே வாங்கிட்டுப் போகப் போறானுங்க!"

சிரிக்கட்டும். மூன்று பேரும் எப்படிக் கற்றுத் தருகிறார்கள் என்று என் கால் வழியாகவே தெரிந்துகொள்ளப் போகிறவன் நான் ஒருவன்தான். இதைவிடப் பெரிய சலுகை உண்டா?

ஜனவரி 19, திங்கள்

முதல் ஆள் லாமாண்ட் க்ரீர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டில் அவர் படம் ஒட்டாத பையன்களின் சுவர் இல்லை. என் சுவரிலும் இருந்தது. கையில் கோப்பை வென்றதற்கான மோதிரம், விரலே தெரியாத அளவுக்கு.

உள்ளரங்கில் என்னை நிறுத்திவிட்டு, "இதப் பாருப்பா" என்று தானே செய்து காட்டினார். நாற்பத்தாறு வயது. எதிராளியாக நின்ற கஸ் காற்றைத் தள்ளினார். அவ்வளவு அழகு. பெருமூச்சு வந்தது.

"இப்ப நீ."

செய்தேன்.

"இல்ல. இப்படி." மறுபடியும் அவரே. மறுபடியும் அழகு.

"எந்தக் கால் முதல்ல போகுது சார்?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். தன் காலையே யாரோ ஒருவர் காலைப் போலக் குனிந்து பார்த்தார். "தெரியலப்பா. அது உள்ளருந்து வரணும்."

எனக்கு உள்ளிருந்து எதுவும் வரவில்லை. நல்ல மனிதர். கிளம்பும்போது கஸ் அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டார். வெட்கமே இல்லாமல் நானும் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 21, புதன்

ப்ரெண்ட் ஹோலிஸ். கல்லூரி அணியிலிருந்து வந்தவர். மடிக்கணினியில் வண்ண வண்ணமாகப் படங்கள். இடுப்புக் கோணம், பாதத்தின் விசை, தோள் சாய்வு. ஒரே அடிக்கு ஒரு பத்தி விளக்கம். பேசி முடித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்றார். புரிந்தது. எல்லாமே புரிந்தது. கால் மட்டும் மரக்கட்டையாகிவிட்டது. கஸ் என்னை ஒற்றைக் கையால் தள்ளி உட்காரவைத்தார்.

எரிச்சல். ஏன் இவ்வளவு எரிச்சல்? சாயங்காலம், குளிரில் எஞ்சின் உறையாமலிருக்க வண்டிக்கு ஹீட்டர் ஒயரை மாட்டும்போதுதான் உறைத்தது. அந்த ஆள் பேசியது அப்படியே நான் பேசுவது. அதே படங்கள், அதே டிகிரி. ஒரு படத்தில் என் நிறங்களே இருந்தன.

ஜனவரி 23, வெள்ளி

டெல்ஃபின் கிட்ரி.

லூசியானாக்காரர். முப்பத்தாறு வயது. கல்லூரியில் தடகள வீராங்கனை, பிறகு சின்னச் சின்ன அணிகளில் ரிசீவர் பயிற்சி. கோட்டே இல்லாமல் விமானத்திலிருந்து இறங்கியிருக்கிறார். சுழியத்துக்குக் கீழே இருபது. உள்ளே வந்ததும் முதல் வார்த்தை: "இந்த ஊர்ல மனுஷங்க ஏன் இருக்கீங்க?"

அரங்கில் என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "நீதான் எஞ்சினியரா? சரி தம்பி, எனக்கு ஒரு காபி ஜாடி வேணும். விளிம்பு வரைக்கும் தண்ணி. மூடி வேணாம்."

ஜாடி வந்தது. என் கையில் கொடுத்தார்.

"என் மாமா ஹோட்டல் வச்சிருந்தாரு. ஞாயித்துக்கிழமை சமையல்கட்டுல நிக்க இடம் இருக்காது. கையில கொதிக்கிற பானை. எதிர்ல ஒருத்தி கத்தியோட வரா. நீ என்ன பண்ணுவ? தோள ஆட்டினா உன் மேலயே கொட்டிக்குவ. பின்னால ஒரு அடி வச்சா பின்னாடி இருக்கறவன் காலி. தோள் அசையக் கூடாது. கால்தான் வழி கண்டுபிடிக்கணும். போ."

எதிரே கஸ். போனேன். சட்டை முழுக்கத் தண்ணீர்.

"எங்க சிந்துச்சு?"

"புறப்படும்போது. பின்னால ஒரு சின்ன அடி வச்சுட்டேன்."

"நான் சொல்லவேயில்ல. நீயே சொல்லிட்ட. திரும்பப் போ."

மூன்று வருஷமாக வீடியோவில் நம் ஆட்களிடம் நான் வட்டம் போட்டுக் காட்டுகிற தப்பு அதுதான்! முன்னே போவதற்கு முன் ஒரு காலைப் பின்னே வைப்பது. அது என் காலிலும் இருந்தது எனக்கே தெரியாது. ஜாடிக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கஸ்ஸைத் தாண்டினேன். நான்! கஸ்ஸை! கையில் ஜாடியோடு! பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது.

சுவரோரத்தில் ப்ராட்டர் விதை கொறிப்பதை நிறுத்தியிருந்தார்.

வேலை இந்த அம்மாவுக்குத்தான். இல்லை, எனக்குத்தான். இரண்டையும் ஒரே மூச்சில் நினைக்கிறேன். இது என்ன புத்தி?

ஜனவரி 24, சனி

சந்தோஷம் தாங்கவில்லை.

பால் வாங்கக் கடைக்குப் போனேன். வண்டி நிறுத்துமிடத்தில் எஸ்ரா டன்மோர். நம் அணியின் வேகமான கால், ஆனால் முதல் அடியிலேயே மாட்டிக்கொள்கிறவன். போன பருவம் முழுக்க எதிராளிகள் அவன் நெஞ்சில் கையை வைத்து அங்கேயே நிறுத்திவைத்தார்கள். ஊடகங்கள் 'பயந்தாங்கொள்ளி' என்றே எழுதின. இவன் பயந்தவன் இல்லை. பின்னால் ஒரு அடி வைக்கிறவன், அவ்வளவுதான்.

கையில் அரிசி சூப், கடையில் காகிதக் கிண்ணத்தில் கொடுப்பார்களே, அது. மூடியைப் பிரித்து நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தான்.

"யோவ் எஞ்சினியர், புது கோச் யாருய்யா? க்ரீர் வராராமே? எங்கம்மா இப்பவே சந்தோஷத்துல அழுவாங்க."

"தெரியாது. ஆனா உன் கால் ஏன் மாட்டுதுன்னு தெரிஞ்சுபோச்சு."

வாய் சும்மா இருந்ததா என்றால் இல்லை. இரண்டு கார்களுக்கு நடுவே போய் நின்றேன். சுற்றிலும் பனிமேடு, வேறு இடமே கிடையாது. "அந்தக் கிண்ணத்தக் கீழ வைக்காத. அதோட என்னத் தாண்டி வா."

"சூப்போடயா? லூசா நீ?"

"வாய்யா."

முதல் தடவை சூப்பில் பாதி அவன் கோட்டு மேல், பாதி என் கோட்டு மேல். அரிசியை வழித்துப் போட்டான். "பின்னால கால் வச்சேன்ல?" அவனே சொன்னான்! நான் வாயைத் திறக்கவில்லை. கடைக்குள் ஓடிப்போய் இன்னொரு கிண்ணம் வாங்கிவந்தான். இரண்டாவது தடவை கொஞ்சம் தெறித்தது. மூன்றாவது தடவை நான் கையை நீட்டினேன், அங்கே ஆள் இல்லை. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் நின்று சூப் குடிக்கிறான்.

கார்கள்தான் காரணம். அரங்கில் இருந்தால் பக்கவாட்டில் வளைந்து ஓடித் தப்பித்திருப்பான். இங்கே இரு பக்கமும் தகரம். வளைய வழியில்லை, நேரே போயாக வேண்டும். இதை யோசித்துச் செய்தேனா? இல்லை. ஆனால் அமைந்த உடனே பார்த்துவிட்டேன். பார்த்தது நான்.

அவன் சிரித்த சிரிப்பு. அந்த முகம். எஞ்சினியரிங் பட்டம் வாங்கிய அன்றுகூட இவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

பால் வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

படங்களை எல்லாம் அழித்துவிட்டேன். கோணம், டிகிரி, எல்லாம். நாளைக்குப் பேச என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. நிம்மதியாக இருக்கிறது.

ஜனவரி 26, திங்கள்

என் முறை. எனக்கு உடம்பு யார்? உடம்பே நான்தானே. ப்ராட்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "கஸ், காலணி மாட்டு."

"நானா? கோச், நான் முப்பது வருஷமா யாரையும் தாண்டினதில்ல. என்னைத்தான் தாண்டுவாங்க."

ஜாடியைக் கொடுத்தேன். பயிற்சிக்கு வைத்திருக்கும் தள்ளுவண்டிகள் இரண்டை இழுத்து வந்து அந்த இரண்டு கார்களுக்கு நடுவே இருந்த அதே இடைவெளியில் நிறுத்தினேன். உதவிக்காரர் ஒருவரை எதிராளியாக நிற்கச் சொன்னேன். கஸ் முதலில் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே சிக்கிக்கொண்டார். அரங்கே அதிர்ந்தது சிரிப்பில். நான் சிரிக்கவில்லை. "கஸ், தண்ணி எங்க சிந்துச்சு?"

"எங்கயா? என் பேன்ட்டுல!"

"எப்போ?"

முறைத்தார். பிறகு யோசித்தார். பிறகு காலை மாற்றி வைத்தார்.

நான்காவதோ ஐந்தாவதோ முறையில் அந்தப் பெரிய உடம்பு பூனை மாதிரி நழுவி வெளியே வந்தது. கஸ்ஸே நம்பாமல் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். "இங்க பாருடா! தண்ணி அப்படியே இருக்கு! இங்க பாருங்கடா!" எல்லோரிடமும் கொண்டுபோய்க் காட்டினார்.

பிறகு அறையில் ப்ராட்டர் கேட்டார். "ஜாடி யாருது?"

"கிட்ரியோடது. என் மேல வேலை செஞ்சுது, அதனால எடுத்துக்கிட்டேன்."

"வண்டி?"

"அது என்னோடது."

எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டார்: "நீ இல்லன்னா யாரு?"

"கிட்ரி. ஆனா எனக்கே குடுங்க."

இந்த முறை சிரித்தார்தான். இருமல் இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

யாரோ எடுத்திருக்கிறார்கள். காருக்குள் உட்கார்ந்து போனில். நான், டன்மோர், சூப். பின்னால் கடையின் பெயர்ப்பலகைகூடத் தெளிவாக. காலையிலிருந்து எல்லாக் கைகளிலும் அதுதான் ஓடுகிறது. இசை சேர்த்து, மெதுவாக ஓடவிட்டு, திரும்ப ஓடவிட்டு. கஸ் முதலில் சிரித்துக்கொண்டே காட்டினார். பாதியில் அவர் முகம் மாறியது.

"டேய். இது எப்போ எடுத்தது?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமைன்னா ஜனவரி."

விதி. ஏப்ரல் வரை தொடக் கூடாது. இரண்டு வாரம் முன்னால் என் கையாலேயே இங்கே எழுதியிருக்கிறேனே! அங்கே நிற்கும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை. ஒரு துளிகூட வரவில்லை. இதற்காகத்தானே நான் உடம்பாக நின்றதே. முட்டாள். வடிகட்டின முட்டாள்.

ஜனவரி 28, புதன்

அணியின் வக்கீலம்மா பொறுமையாகத்தான் பேசினார். லீக்கிலிருந்து நாளைக்கு அழைப்பார்கள். ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: அது பயிற்சியா, விளையாட்டா?

"ரெண்டு சிநேகிதங்க. கடை வாசல். கையில ஒரு சூப். சும்மா கிண்டலுக்குப் பண்ணீங்க. அப்படித்தானே?"

"நாங்க சிநேகிதங்க இல்லைங்க. அவன் என் பிறந்தநாளுக்கு வாழ்த்துகூடச் சொன்னதில்ல."

"ஆர்லோ." கண்ணாடியைக் கழற்றினார். "விளையாட்டுன்னு சொன்னா இது இங்கயே முடிஞ்சிரும். பயிற்சின்னு சொன்னா அணிக்கு வசந்தகாலத்துல ரெண்டு நாள் பயிற்சி போகும். உனக்கும் தண்டனை. நீ கேட்டிருக்கியே ஒரு வேலை, அதுக்குத் தண்டனையில இருக்கற ஆள யாரு போடுவாங்க?"

டன்மோரிடமிருந்து செய்தி: "யோவ், நான் ஜோக்குன்னே சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு."

ஆகட்டும். ஒரு வார்த்தைதானே. விளையாட்டு. சொல்லிப் பார்த்தேன் கண்ணாடி முன். வி-ளை-யா-ட்டு. சரியாகத்தான் வருகிறது.

ஜனவரி 29, வியாழன்

சொல்லவில்லை.

போனில் அந்த மனிதரின் குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. "மிஸ்டர் ஹாக்கலா, அந்த வீடியோவுல நடந்தது பயிற்சியா, இல்ல சும்மா விளையாட்டா?"

பக்கத்தில் வக்கீலம்மா. எதிரே ப்ராட்டர். மேஜையில் போன்.

"பயிற்சி" என்றேன்.

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். போனில் அந்தக் குரல்: "அத எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"முதல் தடவை சிந்தினான். கடைசித் தடவை சிந்தல. நடுவுல நடந்ததுக்குப் பேர் பயிற்சிதான். முறை டெல்ஃபின் கிட்ரியோடது. இடம் மட்டும் நான் தேர்ந்தெடுத்தது."

"வேற யாராவது உங்கள அப்படிச் செய்யச் சொன்னாங்களா?"

"இல்ல. எனக்கே விதி ஞாபகம் வரல. ஞாபகம் வந்திருந்தா செஞ்சிருக்க மாட்டேன்."

அவ்வளவுதான். வெளியே கஸ் காத்துக்கொண்டிருந்தார். "ஒரு பொய்யி! ஒரே ஒரு சின்னப் பொய்யி சொல்லத் தெரியாதாடா உனக்கு? என் பொண்ணுக்கு ஆறு வயசு, அவ சொல்லுவா இதவிட நல்லா!"

போய் வீடியோ வெட்ட உட்கார்ந்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

ப்ராட்டர் கூப்பிட்டார்.

"திங்கட்கிழமை பட்டியல்ல உன் பேர்தான் மேல இருந்துச்சு."

எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்தேன்.

"இப்ப முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"மே மாசம் பாதி வரைக்கும் நீ மைதானத்துல கால் வைக்கக் கூடாது. மேல உக்காந்து வீடியோ வெட்டலாம். சம்பளம் அப்படியே." விதைகளை உள்ளங்கையில் உருட்டினார். "மாத்திச் சொல்லியிருக்கலாம்ல ஆர்லோ? நானே கண்டுக்காம விட்டிருப்பேன்."

அப்போதுதான் வாய் திறந்துகொண்டது. "கோச், இதுவரைக்கும் நான் கத்துக்குடுத்ததுலேயே நல்லது அதுதான். வேற ஒண்ணுமே இல்ல என்கிட்ட. மூணு வருஷமா வட்டம் போட்டேன், அம்புக்குறி போட்டேன், ஒருத்தன் காலும் மாறல. அன்னிக்கு மாறுச்சு. என் கண்ணு முன்னாடி மாறுச்சு. அதப் போயி விளையாட்டுன்னு எப்படிச் சொல்றது? அத விளையாட்டுன்னு சொல்லிட்டு, அதே வேலைய எனக்குக் குடுங்கன்னு எப்படிக் கேக்கறது?"

"சரி, போ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

வண்டியில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்சம். அழும்போதே ஒரு பக்கம் நெஞ்சு நிமிர்ந்தும் இருந்தது. என் பேர் மேலே இருந்திருக்கிறது! கதவோர நாற்காலிக்காரன் பேர், க்ரீர் பேருக்கு மேலே. இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் பிதற்றல். இங்கே எழுதலாம்.

பிப்ரவரி 2, திங்கள்

அணிக்கு இரண்டு பயிற்சி நாள் குறைப்பு. அறிவிப்பு வந்துவிட்டது. கேன்டீனில் தற்காப்புப் பிரிவு ஆட்கள் என்னைக் கண்டதும் சூப் கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறார்கள். இனி வாழ்க்கை முழுக்க இதுதான்.

அப்பா சுரங்க வேலை முடித்துவிட்டு அழைத்தார். வழக்கமாகப் பனி, வண்டி, டயர் தவிர வேறு பேசமாட்டார். "வீடியோ பாத்தேன்."

"ம்."

"அந்தப் பையன் மூணாவது தடவ நல்லாப் போனான்."

"ஆமா."

"ம். டயர் மாத்திட்டியா?"

பிப்ரவரி 4, புதன்

கிட்ரிதான். அறிவித்துவிட்டார்கள். செய்தியாளர்கள் அவர் ஒரு பெண் என்பதை மட்டுமே நாலு விதமாகக் கேட்டார்கள். "எல்லாருக்கும் ரெண்டு கால்தானே" என்றாராம்.

வலித்தது. பொய் சொல்ல மாட்டேன், வலித்தது. ஆனால் சரியான ஆள். இதையும் பொய் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் போன். தெரியாத எண்.

"என் பானைய எடுத்து சூப்பாக்கிட்டியாமே தம்பி?"

"உங்க பேரச் சொல்லிட்டேங்க."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும். லீக்கிட்டயும்."

"லீக்கிட்டயா!" போனே வெடித்துவிடும் போல ஒரு சிரிப்பு. "நான் இன்னும் வேலைக்கே சேரல, அதுக்குள்ள விதிமீறல் கோப்புல என் பேரா! எங்கம்மாவுக்கு ஃபிரேம் போட்டு அனுப்பறேன்." பிறகு குரலை மாற்றினார். "ரெண்டு காருக்கு நடுவுல நிறுத்தினியே, அது என்னோடது இல்ல. எங்கயிருந்து புடிச்ச?"

"சுத்தி பனிங்க. வேற இடம் இல்ல."

"இடம் இல்லாமதான் பண்ணின. ஆனா அதுக்கப்புறம் திங்கட்கிழமை கஸ்ஸுக்குத் தள்ளுவண்டி நிறுத்தியிருக்க. அது இடம் இல்லாம இல்லையே. நான் எடுத்துக்கறேன் அத."

"எடுத்துக்கோங்க."

"எடுத்துக்கோங்கன்னா? நான் உன் பேரச் சொல்லிட்டுதான் எடுத்துக்குவேன். நீ மட்டும்தான் ஒழுங்கானவனா?"

போனை வைத்த பிறகும் ரொம்ப நேரம் அடுப்படியிலேயே நின்றிருந்தேன்.

மார்ச் 11, புதன்

ஒன்றுமில்லை. வீடியோ. வீடியோ. பிரிண்டருக்குத் தாள். கிட்ரி கேட்கிற துண்டுகளை மற்ற யாரும் கேட்டதில்லை: "பந்து இல்லாத ஆள மட்டும் வெட்டிக் குடு." கடைசி நாற்காலிக்கு இப்போது வேலை அதிகம். கதவு இன்னும் முழங்கையில் இடிக்கிறது.

ஏப்ரல் 20, திங்கள்

ஆட்டக்காரர்கள் திரும்பிவிட்டார்கள். இன்று முதல் தொடலாம். என்னைத் தவிர எல்லோரும் தொடலாம்.

இரண்டாம் மாடி ஜன்னல். கீழே கிட்ரி, ரிசீவர்கள், இரண்டு தள்ளுவண்டிகள். சத்தம் கேட்கவில்லை. டன்மோர் முதலில் போனான். எதிரே நின்றவன் கை நீட்டினான். ஆள் இல்லை.

ஜன்னலில் என் மூச்சுப் பட்டு மங்கியது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இறங்கி ஓடிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பொறுமை எனக்குப் பழக்கமில்லை. பழக வேண்டும் போலிருக்கிறது.

மே 5, செவ்வாய்

அணி இழந்த இரண்டு நாளில் முதல் நாள் இன்று. மைதானம் காலி. கண்ணெதிரே காலி. என்னால்.

கஸ் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். "எனக்கு முட்டி வலி. லீவு கிடைச்சது நல்லதுதான்" என்றார். பொய். அவருக்கு நன்றாகவே வருகிறது.

மே 18, திங்கள்

தடை நேற்றோடு முடிந்தது. காலையில் முதல் ஆளாக வந்து புல்லில் நின்றேன். ஏரிக் காற்று. பனி போன பிறகு இந்த மைதானத்துக்கு ஒரு வாசனை உண்டு.

கிட்ரி வந்தார். கோட்டு இப்போது இருக்கிறது, மே மாதத்திலும் கழற்றுவதில்லை. "புதுப் பசங்க அஞ்சு பேர். போன வாரம்தான் வந்தாங்க. பின்னால கால் வைக்கறானுங்க, எல்லாரும்." கையால் கிழக்கு மூலையைக் காட்டினார். "கூட்டிட்டுப் போ."

"நானா?"

"இங்க வேற எஞ்சினியர் இருக்கானா?"

நாலு வாரம் ஜன்னலிலிருந்து இவரைப் பார்த்திருக்கிறேன். எவரையும் கண் பார்வையிலிருந்து விடுகிறவர் இல்லை. கஸ்ஸையே கூப்பிட்டுத் திருத்துவார். ஒரு முறை ப்ராட்டரைத் திருத்தினார். அதனால் மூலைக்குப் போகும்போதே முதுகில் அவர் பார்வை இருக்கும் என்று தோள் இறுகியது.

ஐந்து பேரும் என்னைவிட உயரம். ஒருவன் முன்னே வந்தான், கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டே. "கோச், முதல்ல எடதா வலதா?"

யாரைக் கேட்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

"நீயே போய்ப் பாரு. எது சரின்னு நீதான் எனக்குச் சொல்லணும்" என்றேன்.

போனான். தப்பு. நின்றான், தன் காலையே பார்த்தான், திரும்பிப் போனான். அடுத்தவன். அதற்கடுத்தவன். எப்போது குரல் உயர்ந்தது, எப்போது தொப்பியைக் கழற்றி எறிந்தேன், தெரியவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து மைதானத்தின் அந்தக் கோடிக்குப் பார்த்தேன்.

கிட்ரி பெரியவர்களோடு இருந்தார். எங்கள் பக்கம் முழு முதுகு. பயிற்சி முடியும் வரை ஒருமுறைகூடத் திரும்பவில்லை.